முப்பத்தேழு

டிசம்பர் முப்பத்தொன்று, மாலை நான்கு மணி.
எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர்.
கையெழுத்து என்னுடையது.
லிட்டருக்கு முப்பத்தேழு மைக்ரோகிராம் ஆர்சனிக்;
சட்டம் ஐம்பது வரை பொறுத்துக்கொள்ளும்.

ஜனவரி ஒன்று, விடிகாலை.
அதே ஆழ்குழாய், அதே மோட்டார்,
இரவு விழுந்த பனி மட்டும் புதிது.
முப்பத்தேழு.
சட்டம் இப்போது பத்து.
உறங்கி எழுவதற்குள் தண்ணீர் கெட்டுவிட்டது.

பேருந்து நிலைய உணவகத்தில் இல்க்கா
புத்தாண்டுப் பருப்புச் சூப் கிளறிக்கொண்டிருந்தாள்.
இந்த ஹங்கேரிச் சமவெளியில்
முதல் நாள் பருப்பு தின்றால் ஆண்டு முழுக்கக் காசு சேரும்.
"பதினொன்றரைக்கு உலை வைத்தேன்,
பன்னிரண்டரைக்கு இறக்கினேன்.
இது பழைய சட்டத்துத் தண்ணீரா,
புதிய சட்டத்துத் தண்ணீரா?"
ஓட்டுநர்கள் சிரித்தார்கள்.
எனக்கும் ஒரு கிண்ணம் ஊற்றினாள். குடித்தேன்.

இதில் வில்லன் யாரும் இல்லை.
ஆலை இல்லை, கழிவு இல்லை.
மனிதன் வருமுன்பே
மண் தானாக அரைத்துக் கலந்த பாஷாணம்.

பத்து எங்கிருந்து வந்தது?
எங்கோ தொலைவில் சிலர் குடித்தார்கள்,
உள்ளங்கை தடித்துச் செத்தார்கள்.
யாரோ கல்லறைகளை எண்ணி
வரைபடத்தில் ஒரு கோடு இழுத்தார்.
அந்தக் கோடு பத்தில் நிற்கவில்லை,
பூஜ்ஜியத்தை நோக்கி இறங்கிக்கொண்டே போனது.
பத்தில் நின்றது
கருவியின் கண்ணும் கஜானாவின் கையும்.

எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்த தெஜோ
காகிதப் பட்டை பழுப்பாவதை
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.
ஐம்பதுக்குக் கீழே எல்லாம் அவருக்கு வெள்ளை.
நாட்டுக்கும் அப்படியே.

பிப்ரவரியில் புடாபெஸ்டிலிருந்து கடிதம்:
மூன்று ஆண்டு விலக்கு.
முத்திரை காய்வதற்குள்
தண்ணீர் மறுபடி நல்லதாகிவிட்டது.
கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் மட்டும்
லாரியில் பிளாஸ்டிக் பைத் தண்ணீர்.
எமெஷே தினம் வரிசையில் நின்றாள்,
முதலில் வயிற்றோடு, பிறகு தள்ளுவண்டியோடு.
பையனுக்கு ஒரு வயது நிறைந்த அன்று
பட்டியலில் அவள் பெயரை அடித்தார்கள்.
பிறந்தநாள் பரிசு: முப்பத்தேழு.

ஸபோல்ச் என்றொரு பொறியாளன்
இரும்புத் துருவைப் பொரிகடலை அளவு உருட்டி
அதில் ஆர்சனிக் ஒட்டிக்கொள்ளும் என்று
கதவு கதவாகத் தட்டியிருக்கிறான்.
ஐம்பது ஆண்ட காலத்தில்
முப்பத்தேழைக் குறைக்க யார் காசு தருவார்?
பத்து ஆண்டு அவன் துரு
ஒரு பெயிண்ட் டப்பாவில் கிடந்தது.
சட்டம் மாறிய வசந்தத்தில்
அதற்குக் கண்டுபிடிப்பு என்று பெயர் வந்தது,
டெண்டர் வந்தது,
ரிப்பன் வெட்ட ஓர் அமைச்சர்கூட வந்தார்.

இப்போது குழாயில் நான்கு.
என் புதுக் கருவி, இதே சட்டம் வாங்கித் தந்தது,
அரையைக்கூடப் பார்க்கிறது.
பார்த்ததைப் பதிவேட்டில் எழுதுகிறேன்.
எழுதியதை ஒரு நாள் யாராவது படிப்பார்கள்,
நான்கும் ஒரு காலையில் கெட்டுப்போகும்.
"இனி நல்லதுதானே?" என்று இல்க்கா கேட்டபோது
"இன்றைக்கு நல்லது" என்றேன்.
கோபித்துக்கொண்டாள்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது.
நிறைந்த துருவை எடுத்துக் கட்டி வைத்திருக்கிறோம்,
பதினொரு மூட்டை,
ஆய்வகத்தின் பின்சுவரோரம், தார்ப்பாய்க்கு அடியில்.
தண்ணீரில் இருந்ததெல்லாம் அங்கே இருக்கிறது.
தண்ணீருக்குச் சட்டம் உண்டு,
மூட்டைக்கு இன்னும் ஒரு வரி இல்லை.
ஸபோல்ச் ஏற்றுமதி வேலையாய் வெளியூரில்.
வடமேற்கு மூலையில் தார்ப்பாய் கிழிந்திருக்கிறது.

எடை போட்டேன், மாதிரி எடுத்தேன்,
அளந்த எண்ணை ஒரு கடிதத்தில் எழுதினேன்.
தேதி போட்டாயிற்று, கையெழுத்தும் ஆயிற்று.
பெறுநர் என்ற இடத்தில்
என்ன எழுதுவதென்று தெரியவில்லை.